வண்டி நிற்கும் இடமே நிலையம்

பெட்ரோல் பங்க்கின் குழாய் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் அந்த ரப்பர் குழாய் வழியே ஒரே நிமிடத்தில் 270 யூனிட் காருக்குள் இறங்கிவிடுகிறது. மின்திறனாகச் சொன்னால் 16 மெகாவாட்டுக்கும் மேல். வீட்டுக்கு 3 கிலோவாட் என்று எடுத்துக்கொண்டால், ஐயாயிரம் வீடுகள் ஒரே சமயத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் ஓட்டம் அது. பங்க் ஊழியர் அதை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எஞ்சின் அந்த ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். சக்கரத்துக்குப் போய்ச் சேரும் கால் பங்கை மட்டும் கணக்கில் எடுத்தாலும் 4 மெகாவாட் வருகிறது. நம் நெடுஞ்சாலைகளில் இன்று பரவலாக இருக்கும் விரைவு சார்ஜர்கள் 60 கிலோவாட் அல்லது 120 கிலோவாட். பெட்ரோல் குழாயோடு வேகத்தில் போட்டியிட்டால் மின்சாரம் பல மடங்கு பின்தங்கி நிற்கும்.

மின்சாரக் கார் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, “சார்ஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்?” என்றுதான். அடுத்த கேள்வி, “வழியில் எங்கே போடுவது?” இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரு முன்முடிவு இருக்கிறது: வண்டிக்கு ஆற்றல் வேண்டுமென்றால் அது எங்கோ ஒரு நிலையத்தைத் தேடிப் போக வேண்டும், அங்கே காத்திருக்க வேண்டும், நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெட்ரோல் நம் மனத்தில் நூறாண்டுகளாகப் போட்டுவைத்த பாதை இது. மின்னேற்றக் கட்டமைப்பு நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற விவாதம் இந்தப் பாதையிலேயே சுற்றிச் சுற்றி வருவதால்தான், கோடிகளைச் செலவிட்ட பிறகும் பல இடங்களில் தவறான பொருளைத் தவறான இடத்தில் நட்டுவைத்திருக்கிறோம்.

பெட்ரோலுக்கும் தொடக்கத்தில் பங்க் கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குக் கிளம்பியபோது, வழியில் எரிபொருள் தீர்ந்துபோனது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். உலகின் முதல் எரிபொருள் நிலையம் என்ற பெருமையை அந்த மருந்துக்கடை இன்றும் கொண்டாடுகிறது. பின்னர் பங்க்குகள் பெருகியதற்கு வலுவான காரணம் உண்டு. பெட்ரோல் ஆவியாகும், தீப்பிடிக்கும், நச்சுப் புகை விடும். அதை வீட்டில் சேர்த்து வைக்க முடியாது. பூமிக்கடியில் தொட்டி கட்டி, உரிமம் பெற்று, ஓரிடத்தில் வைத்து விற்றே ஆக வேண்டும். மின்சாரத்துக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அது ஏற்கெனவே வீட்டுச் சுவர் வரை வந்து நிற்கிறது.

விரைவு ஏன் கடினம்?

இருந்தாலும் விரைவு சார்ஜர் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தொலைதூரம் போகும் நாளில் அது இல்லாமல் தீராது. அதன் எல்லைகளை இயற்பியல் எங்கே வகுக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். 400 வோல்ட் மின்கலம் கொண்ட காருக்கு 240 கிலோவாட் வேகத்தில் மின்னேற்ற வேண்டுமென்றால் 600 ஆம்பியர் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைத் தாங்கும் செம்புக் கம்பியை ஒருவர் தூக்கிச் செருகுவதே பெரும்பாடு. அதனால்தான் சார்ஜர் கேபிளுக்குள் குளிர்திரவம் ஓடவிடுகிறார்கள். இன்னொரு வழி, மின்னழுத்தத்தை உயர்த்துவது. 2019இல் வந்த போர்ஷே டைகான், அதன்பின் ஹூண்டாய் அயோனிக் 5 ஆகியவை 800 வோல்ட்டுக்குப் போனதற்கு இதுவே காரணம். அதே 240 கிலோவாட்டுக்கு இப்போது 300 ஆம்பியர் போதும், கேபிளில் வெப்பம் கால்வாசியாகிவிடும். 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம் ஆயிரம் வோல்ட், ஆயிரம் ஆம்பியர் என்று ஒரு மெகாவாட் மின்னேற்றத்தை அறிமுகப்படுத்தியது. ஐந்தே நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான மின்சாரம் என்பது அதன் அறிவிப்பு.

கேபிளைக் குளிர்வித்துவிடலாம். மின்கலத்தின் உள்ளே நடப்பது அவ்வளவு எளிதாக வழிக்கு வராது. லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து கிளம்பி, மின்பகுளியைக் கடந்து, எதிர்ப்பக்கத்திலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். புறப்படும் இடத்தில் காலியாக நிற்கும் டவுன் பஸ்ஸில் முதலில் ஏறுபவர்களுக்கு ஒரு நொடியில் சீட் கிடைக்கும். இருக்கை நிரம்ப நிரம்ப, அடுத்து ஏறுபவர் ஆட்களை விலக்கி உள்ளே போய் இடம் தேட வேண்டியிருக்கும். பின்னால் இருப்பவர்கள் நெருக்கினால் படிக்கட்டிலேயே கூட்டம் அடைத்துக்கொள்ளும். கிராஃபைட்டிலும் அப்படித்தான். உள்ளே நுழையும் வேகத்தைவிட அதிக வேகத்தில் அயனிகளை அனுப்பினால், அவை மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி மறுபடி பயனுக்கு வராது. மின்கலத்தின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல வளர்ந்து நடுத்திரையைத் துளைத்தால் உள்ளேயே மின்சுருக்கு ஏற்படும்.

ஆகவே காரின் மின்கல மேலாண்மை அமைப்பு, நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொண்டே வருகிறது. விளம்பரங்களில் ‘10 முதல் 80 சதவீதம் வரை’ என்று அச்சிடுவதன் உட்பொருள் இதுதான். அந்த 70 சதவீதம் ஏற 40 நிமிடம் ஆனால், மிச்சமுள்ள 20 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கும். 80க்கு மேல் விரைவு சார்ஜரில் காரை விட்டுவைப்பவர், பின்னால் காத்திருப்பவரின் நேரத்தைச் சாப்பிடுகிறார்.

மூன்றாவது எல்லை சார்ஜருக்கு வெளியே, தெருவில் இருக்கிறது. ஒரு தெருவுக்கு மின்சாரம் தரும் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 120 கிலோவாட் சார்ஜர் ஒன்றை அதில் கோத்தால், அது ஓடும்போதெல்லாம் பாதித் திறனை அதுவே விழுங்கிவிடும். ஒரு மெகாவாட் சார்ஜர்கள் பத்தை ஓரிடத்தில் வைத்தால் அந்த இடத்துக்குத் தனியாகத் துணைமின் நிலையமே வேண்டியிருக்கும். விரைவு நிலையம் அமைப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். சார்ஜர் வந்து இறங்கிவிட்டது, ‘ஈபி சர்வீஸ்’ இன்னும் வரவில்லை என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை.

சென்னையிலிருந்து மதுரை வரை

இவ்வளவு எல்லைகளுக்குள்ளும் நெடும்பயணம் சாத்தியமா? கணக்குப் போட்டே பார்ப்போம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். 45 யூனிட் மின்கலம் கொண்ட கார் ஒன்று, குளிர்சாதனத்தை ஓடவிட்டு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் 300 கிலோமீட்டர் அளவில் தாங்கும். முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் உளுந்தூர்பேட்டை அருகே, 200 கிலோமீட்டர் தாண்டிய நிலையில், முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சமிருக்கும். அங்கே 60 கிலோவாட் சார்ஜரில் 25 நிமிடம். பிறகு திருச்சியில் இன்னொரு 25 நிமிடம். மதுரைக்குள் நுழையும்போது கால்வாசிக்கு மேல் கையிருப்பு இருக்கும். காலைப் பலகாரத்துக்கு ஒரு நிறுத்தம், காபிக்கு ஒரு நிறுத்தம் என்று குடும்பத்தோடு போகிறவர் எப்படியும் எடுக்கும் இடைவேளைதான் இது. சாதாரண நாளில் இந்தப் பயணத்தில் சிரமம் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் சாதாரண நாள் அல்ல. ஒரு காருக்கு 25 நிமிடம், செருகி எடுத்துப் பணம் கட்ட ஐந்து நிமிடம் என்றால், ஒரு சார்ஜர் மணிக்கு இரண்டு கார்களை அனுப்பும். பெட்ரோல் குழாய் ஒன்று, பணம் வாங்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்குப் பதினைந்து கார்களை அனுப்பிவிடும். ஏழெட்டு சார்ஜர் சேர்ந்தால்தான் ஒரு பெட்ரோல் குழாய்க்கு ஈடு. நமக்கு முன்னால் இந்த வழியில் போன சீனாவில், அக்டோபர் தொடக்கத்துத் தேசிய விடுமுறை வாரத்தில் நெடுஞ்சாலை நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றிருக்கின்றன. சரி, பொங்கல் கூட்டத்துக்கு ஏற்றபடி இருபது சார்ஜர் வைத்துவிடலாம் என்றால், மீதி நாட்களில் அவற்றில் பெரும்பாலானவை சும்மா நிற்கும்.

சும்மா நிற்கும் சார்ஜர்தான் இந்தத் தொழிலின் தீராத வலி. 60 கிலோவாட் சார்ஜர் நாள் முழுக்க ஓய்வின்றி ஓடினால் 1,440 யூனிட் விற்கலாம். நடைமுறையில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 144 யூனிட், அதாவது ஐந்தாறு கார்கள். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் நிற்கும் என்று வைத்தால் நாளுக்கு ஆயிரம் ரூபாய். இதற்குள் சார்ஜரின் விலை, டிரான்ஸ்ஃபார்மர், நில வாடகை, காவலாளி சம்பளம், பழுது எல்லாம் அடங்க வேண்டும். ஒரு காரும் வராத நாளிலும், ஒதுக்கிவைத்த மின்பளுவுக்கான நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். பொது இடங்களில் யூனிட் விலை 20 ரூபாயைச் சுற்றி நிற்பதற்கும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறுவதற்கும் நடுவே, முதலீடு செய்தவரும் ஓட்டுநரும் ஒருசேர முனகுகிறார்கள்.

இந்த முடிச்சை அரசு அவிழ்க்க முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். வாகனத்துக்கு மின்னேற்றித் தருவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை தெளிவுபடுத்தியது. தேநீர்க் கடைக்காரர்கூடத் தன் வாசலில் ஒரு சார்ஜர் வைத்துக் காசு வாங்கலாம் என்ற நிலை அதன்பின்தான் வந்தது. 2022 வழிகாட்டுதல்கள் நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கு வைத்தன. 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 இறுதியில் நாட்டின் பொது மின்னேற்ற நிலையங்கள் 25 ஆயிரத்தைத் தாண்டின.

எண்ணிக்கை வளர்ந்தது மகிழ்ச்சி. ஆனால் வரைபடத்தில் கட்டம் போட்டு நிரப்பும் முறையில் ஒரு கோளாறு உண்டு. பெட்ரோல் பங்க்கில் இடம் இருக்கிறது என்பதற்காக அங்கே சார்ஜர் வைத்தால், ஓட்டுநர் 40 நிமிடம் வெயிலில், பெட்ரோல் வாடையில், உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். இரவு பதினொரு மணிக்குத் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு அந்த 40 நிமிடம் என்ன பொருள் தரும் என்று திட்டம் தீட்டுகிறவர்கள் யோசித்தாக வேண்டும். வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, நாலு பேர் நடமாடும் ஓர் உணவகம், மேலே ஒரு கூரை. சார்ஜரின் கிலோவாட்டைவிட இவையே ஒரு நிலையத்தை நிலையமாக்குகின்றன. நெடுஞ்சாலையோர உணவகங்களில் வைக்கப்பட்ட சார்ஜர்களை மக்கள் தேடிப் போவதில் வியப்பில்லை.

வேலை செய்கிறதா?

2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலுள்ள 657 பொது விரைவு சார்ஜர் இணைப்புகளை நேரில் போய்ச் சோதித்தார்கள். உருப்படியாக வேலை செய்தவை 72.5 சதவீதம். மீதியில் திரை அணைந்திருந்தது, பணம் ஏற்கவில்லை, மின்னேற்றம் தொடங்கிப் பாதியில் நின்றது, அல்லது கேபிள் எட்டவில்லை. உலகின் செல்வச் செழிப்பான ஒரு பகுதியில், நாலில் ஒன்றுக்கு மேல் பழுது. இந்த ஒரே ஆய்வு, மின்னேற்ற நிலையங்களைத் தலை எண்ணிப் பெருமைப்படும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. பிரிட்டன் சட்டமே போட்டது: 2024 நவம்பரிலிருந்து அங்கே விரைவு மின்னேற்ற வலையமைப்புகள் ஆண்டின் 99 சதவீத நேரம் இயங்கியாக வேண்டும்.

நம் நாட்டில் இதோடு இன்னும் சில தொல்லைகள் சேர்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு முன்பணப் பை. நூறு ரூபாய் இங்கே, இருநூறு ரூபாய் அங்கே என்று ஓட்டுநரின் காசு சிதறிக் கிடக்கிறது. யுபிஐயில் பூக்காரம்மாவுக்குப் பத்து ரூபாய் அனுப்ப முடிகிற நாட்டில், சார்ஜரில் ஒரு க்யூஆர் அட்டையை ஒட்டி முடித்திருக்க வேண்டிய வேலை இது.

பிளக் விஷயத்திலும் கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்டோம். அரசு அலுவலகங்களுக்கு மின்கார்கள் வாங்கத் தொடங்கிய காலத்தில், 15 கிலோவாட் அளவிலான பாரத் டிசி-001 என்ற தரத்தில் நாடெங்கும் சார்ஜர்கள் நடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே கார்கள் எல்லாம் சிசிஎஸ்-2 பிளக்குக்கு மாறிவிட்டன. பழைய சார்ஜர்கள் பல, செருக வண்டி இல்லாமல் நின்றுபோயின. கார்களில் இப்போது அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. ஸ்கூட்டர்களில் தீரவில்லை. ஏத்தர் உருவாக்கிய இணைப்பியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் தரமாக ஏற்றது. ஹீரோவின் விடா அதே இணைப்பியைப் பயன்படுத்துகிறது. ஓலா வேறு வழியில் போகிறது. ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் உருவாகும் வண்டிகள் ஒரே பிளக்கில் சேர முடியாதிருப்பதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

மின்னேற்றமே வேண்டாம், மின்கலத்தையே மாற்றிவிடலாம் என்ற யோசனையும் பழையது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மின் நிறுவனம் 1910களிலேயே மின்லாரிகளுக்கு மின்கலத்தைக் கழற்றி மாட்டும் சேவையை நடத்தியது. நம் காலத்தில் ஷாய் அகாசி 2007இல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம், இஸ்ரேலில் கார் மின்கலம் மாற்றும் நிலையங்களைக் கட்டியது. சுமார் 85 கோடி டாலர் முதலீட்டோடு இறங்கி 2013 மே மாதம் திவாலானது. ஒரே ஒரு கார் வகை மட்டும் அந்த அமைப்பில் சேர்ந்தது அதற்கு முக்கியக் காரணம். எந்த மின்கலத்தை எங்கே வைப்பது என்பதில் கார் நிறுவனங்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் கையில் தூக்கும் அளவுக்குச் சிறிய மின்கலத்தில் இதே யோசனை நன்றாக ஓடுகிறது. தைவானில் கோகோரோ 2015 முதல் ஸ்கூட்டர்களுக்கு இதைச் செய்கிறது. வட இந்திய நகரங்களின் மின்ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்கும் இது வரப்பிரசாதம். வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றது என்ற நிலையில் இருப்பவருக்கு இரண்டு நிமிடத்தில் புது மின்கலம் கிடைப்பது பெரிய விஷயம். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை என்பதே என் முடிவு.

ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்

இனி, நான் இந்த அத்தியாயத்தில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 120 மின்பேருந்துகள் கிளம்பின. அவற்றுக்காக நகரெங்கும் நிலையம் கட்ட வேண்டியிருக்கவில்லை. பேருந்து எந்தத் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று முன்கூட்டியே தெரியும். எங்கே வந்து தங்கும் என்றும் தெரியும். தங்கும் இடத்தில் சார்ஜர் இருந்தால் போதும். மின்வாகனம் எங்கெல்லாம் சிக்கலில்லாமல் ஓடுகிறதோ, அங்கெல்லாம் இதே விதிதான் வேலை செய்கிறது.

நம் சொந்த வண்டிகளுக்கும் இது பொருந்தும். நகரத்துக் கார் ஒன்று நாளைக்கு 30, 35 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்றால் ஐந்து யூனிட் போதும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் 3.4 கிலோவாட் வரை தரும். ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய ஓட்டத்துக்கு வேண்டியது ஏறிவிடும். கார் ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மாதான் நிற்கிறது. ஸ்கூட்டருக்கு இன்னும் எளிது. ஒரு யூனிட் இருந்தால் 30 கிலோமீட்டர் போய்விடலாம். 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மின் இருசக்கர வாகனங்கள் சுமார் 11.5 லட்சம். மின்கார்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. இந்தியாவின் மின்வாகனம் என்றால் முதன்மையாக ஸ்கூட்டரும் ரிக்‌ஷாவும்தான். அவற்றின் மின்னேற்றக் கட்டமைப்பு வீட்டுத் திண்ணையிலும் நடையிலும் உள்ள பிளக் பாயின்ட்.

“எல்லோரும் மின்கார் வாங்கினால் கரண்டு தாங்குமா?” என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பத்து லட்சம் மின்கார்கள் ஓடுவதாகக் கொள்வோம். நாளைக்கு ஐந்து யூனிட் வீதம் மொத்தம் 50 லட்சம் யூனிட். 2024 ஏப்ரல் 30 அன்று மாநிலம் ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் நுகர்ந்தது. அதோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் கார்களின் தேவை ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரும் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து 7 கிலோவாட் சார்ஜரை ஒரே நேரத்தில் போட்டால்? 7,000 மெகாவாட். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, அதுவும் சூரிய மின்சாரம் அடங்கிவிட்ட வேளையில் தேவைப்படும். எந்த மின்கட்டமைப்பும் அதைத் தாங்காது. அதே 50 லட்சம் யூனிட்டை இரவு பத்திலிருந்து காலை ஆறு மணி வரை எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் 625 மெகாவாட்தான்.

வாகனம் அதே, மின்சாரம் அதே. எப்போது, எவ்வளவு மெதுவாக என்பது மாறியதும் 7,000 என்பது 625 ஆகிறது. பகலில் அலுவலகத்தில் நிற்கும் வண்டிக்கு நண்பகல் வெயிலில் கொழிக்கும் சூரிய மின்சாரத்தை ஏற்றினால் இன்னும் நல்லது. மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல்கள் காலை 9 முதல் மாலை 4 வரை மின்னேற்ற நிலையங்களுக்குக் குறைந்த கட்டணம் என்று சொல்வது இதற்காகத்தான். பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவன வளாகங்களில் காலை முதல் மாலை வரை அசையாமல் நிற்கும் ஆயிரக்கணக்கான கார்களை நினைத்துப் பாருங்கள். அங்கே தேவைப்படுவது விரைவு சார்ஜர் அல்ல. தூணுக்குத் தூண் ஒரு சாதாரண பிளக், அதற்கொரு மீட்டர்.

நார்வேயை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் 89 சதவீதம் முழு மின்கார்கள். வரிச்சலுகையையும் நெடுஞ்சாலை சார்ஜர்களையும் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே மின்னேற்றுகிறார்கள் என்பதையும், அடுக்ககத்தில் வசிப்பவர் சார்ஜர் பொருத்தக் கேட்டால் தக்க காரணமின்றிச் சங்கம் மறுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் அடைப்பு அங்கேதான் இருக்கிறது. சென்னையில், கோவையில், எத்தனையோ பேர் மின்கார் வாங்க ஆசைப்பட்டுக் கைவிட்டதற்குக் காரணம் நெடுஞ்சாலை அல்ல. அடுக்ககச் சங்கம் சம்மதிக்கவில்லை. “பொது மீட்டரில் போட்டால் யார் காசு கொடுப்பது? தீப்பிடித்தால் யார் பொறுப்பு? இன்று உனக்குக் கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்களே?”

கேட்கட்டும், கேட்க வேண்டும். நாற்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தில் நாற்பது பேரும் மின்கார் வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எல்லோருக்கும் சேர்த்து வேண்டியது 200 யூனிட். எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் 25 கிலோவாட். அத்தனை கார்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும்படி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர்கள் சந்தையில் கிடைக்கின்றன. இதற்கு வேண்டிய மின்பளு, நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரே ஒரு 60 கிலோவாட் சார்ஜரின் பாதிகூட இல்லை. தீ அச்சத்தைப் புறந்தள்ளச் சொல்லவில்லை. முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு இரவெல்லாம் 15 ஆம்பியர் இழுப்பது ஆபத்துதான். தனி வயரிங், சரியான எர்த், கசிவு மின்னோட்டம் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர் ஆகியவற்றோடு முறையாகப் போட்ட பிளக் அந்த ஆபத்தை நீக்குகிறது. சங்கம் அனுமதி மறுக்கும்போது மக்கள் ஜன்னல் வயருக்குப் போகிறார்கள். புதுக் கட்டடங்களில் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு மின்னேற்ற வசதி வேண்டும் என்று 2019இலேயே மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தார்கள். பழைய கட்டடங்களில் வசிப்போருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இன்னும் இல்லை.

வாடகை வீட்டுக்காரர், தெருவோரம் வண்டி நிறுத்துபவர் நிலை இன்னும் கடினம். லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே மெதுவான சார்ஜர் பொருத்தியிருக்கிறார்கள். விளக்குகள் எல்இடிக்கு மாறியதால் மிச்சமான மின்பளு அதற்கு உதவுகிறது. நம் மாநகராட்சிகள் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தெருவிலாவது இதைச் செய்து பார்க்கலாம். நெடுஞ்சாலை விரைவு நிலையங்களுக்கு அரசுப் பணம் போகட்டும், அங்கே தனியார் நட்டத்தைத் தாங்கிக் காத்திருக்க முடியாது. நகரத்துக்குள் விரைவு சார்ஜருக்குச் செலவிடும் பணத்தை இந்த மெதுவான பிளக்குகளுக்குத் திருப்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீங்கள் அடுக்ககத்தில் வசிப்பவர் என்றால், மின்கார் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்: உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துக் கட்டடத்தின் மின்பளுவைக் கணக்கெடுப்பது, நிறுத்துமிடத்துக்குத் தனி மீட்டரோடு ஒரு லைன் இழுப்பது, கேட்பவருக்குப் பிளக் தருவது. செலவைப் பயன்படுத்துவோர் பகிர்ந்துகொள்ளலாம். அந்த ஒரு லைன் வந்துவிட்டால் உங்கள் கட்டடத்தின் நாற்பது வீடுகளும் எந்த நிலையத்தையும் தேடிப் போக வேண்டியதில்லை.